படியும் படைப்பும்: எண்ணெய் வண்ண உருவப்படக் கல்வி பற்றிச் சில சிந்தனைகள்

நமது கலை இலக்கியத் திறனாய்விலே 'நகல்' என்னும் சொல் பெரும்பாலும் ஒரு வசைச்சொல்லாகவே வழங்கி வருகின்றது. ஒரு படைப்பை நகல் என்று கூறிவிட்டால் அதன்பின் அதனைப் பற்றி ஆராய எதுவும் எஞ்சியிருப்பதில்லை என்பது ஓர் எழுதாத விதி போலாகிவிட்டது. ஓவியத்தைப் பொறுத்தவரையில் இவ்வசை இன்னும் கடுமையானது. ஆயினும், எண்ணெய் வண்ணத்தில் மனித முகத்தைத் தீட்டக் கற்பவருட் பலர், பழைய பேரோவியர் ஒருவரின் படைப்பை எதிரே வைத்து அதனைத் தம் கையாலே மீளத் தீட்டிப் பார்த்தே அக்கலையின் உள்நுட்பங்களை அறிந்து வந்துள்ளனர். நடைமுறையிலே இன்றியமையாததாக விளங்கும் ஒரு கல்விமுறை கோட்பாட்டளவிலே இழிவானதாகக் கருதப்படுவது ஏன்? இவ்வினாவைக் கல்முனைக் கரையோரத்துச் சூழலில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

தமிழ்மொழி இவ்விடயத்தில் நமக்கு ஒரு தடயத்தைத் தருகின்றது. 'படி' என்னும் சொல் கற்பதைக் குறிக்கின்றது. மூலமொன்றின் பிரதியைக் குறிக்கின்றது. ஏறிச்செல்லும் படிக்கட்டையும் குறிக்கின்றது. ஏட்டுச்சுவடிகளைப் படியெடுத்தே நமது இலக்கியங்கள் தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்பட்டன. படியெடுத்தவன் பெரும்பாலும் படித்தவனாகவும் இருந்தான். கற்றலும் பிரதி செய்தலும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்த காலம் மறைந்து, அவை ஒன்றுக்கொன்று பகையானவை என்று கருதப்படும் காலம் தோன்றியமைக்குச் சமூகக் காரணங்கள் உண்டு.

தனித்துவக் கோட்பாட்டின் வரலாறு

ஓவியன் தன் சொந்த ஆன்மாவிலிருந்தே அனைத்தையும் படைக்கவேண்டும் என்னும் கருத்து, கலை வரலாற்றின் பெரும்பகுதியில் யாருக்கும் தெரியாதிருந்த ஒன்றாகும். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில், கண்டிப்பகுதிக் கைவினைஞரின் பிள்ளைகள் சித்திரம் பயின்ற முறையை விவரித்துள்ளார். இரு வளைகோடுகள் இணைந்த 'வக தெக' என்னும் அடிப்படை வடிவத்தைக் கை பழகும்வரை திரும்பத் திரும்ப வரைந்த பின்னரே மாணவன் அடுத்த வடிவத்துக்குச் சென்றான். அங்கே திரும்பச் செய்தல் அடிமைத்தனத்தின் அடையாளமாகக் கருதப்படவில்லை. அது தொழிலுக்குள் நுழையும் வாயிலாக இருந்தது.

ஐரோப்பாவிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. ரூபன்ஸ் 1628–29இல் மத்ரித் நகரில் தங்கியிருந்தபோது தித்தியனின் ஓவியங்களைப் படியெடுத்தார். அப்பொழுது அவர் ஐம்பது வயதைக் கடந்த, ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்ற ஓவியர். பிரெஞ்சுப் புரட்சியின் விளைவாக 1793இல் லூவர் அரண்மனை அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டபோது, பொதுமக்களுக்கு ஒதுக்கப்பட்ட நாட்களிலும் கூடுதலான நாட்கள் அங்கு கற்க வந்த ஓவியர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. அரசவைச் சுவர்களுக்குள் அடைபட்டிருந்த நுட்ப அறிவு, படியெடுக்கும் உரிமை வாயிலாகவே சாதாரண ஓவியனின் கைக்கு எட்டியது என்பதை நாம் மறந்துவிடலாகாது. இன்றும் அங்கு அனுமதி பெற்றுப் படியெடுப்போர் மூலத்தினின்றும் வேறுபட்ட அளவிலேயே தீட்டவேண்டும் என்னும் விதி உண்டு. போலியையும் கற்றலையும் பிரித்தறிவதற்கு இவ்விதி போதுமானதாக இருக்கின்றது.

கீழைத்தேய முஸ்லிம் அரசவைகளில் இம்முறை இன்னும் தெளிவாகத் தெரிகின்றது. அரபு எழுத்தணிக் கலையில் 'மஷ்க்' எனப்படும் பயிற்சி, ஆசானின் எழுத்தைப் பார்த்து மாணவன் திரும்பத் திரும்ப எழுதுவதையே குறிக்கும். முகலாய ஓவியர் அபுல் ஹசன் பதின்மூன்று வயதில், 1600ஆம் ஆண்டில், ஜெர்மானிய ஓவியர் டியூரரின் செதுக்கோவியமொன்றிலிருந்த புனித யோவானின் உருவத்தைப் பார்த்து வரைந்த சித்திரம் இன்றும் ஒக்ஸ்போர்ட்டின் அஷ்மோலியன் அரும்பொருளகத்தில் உள்ளது. பின்னாளில் ஜஹாங்கீரின் அரசவையில் முதன்மை பெற்ற அவ்வோவியர், ஐரோப்பியரின் ஒளி நிழல் முறையை இவ்வாறே தம்வயப்படுத்திக்கொண்டார்.

இதன் மறுபக்கமும் குறிப்பிடத்தக்கது. ஒல்லாந்தின் ரெம்பிராண்ட் 1650களின் பிற்பகுதியிலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து இருபதுக்கு மேற்பட்ட சித்திரங்களை வரைந்தார். அவர் இந்தியாவுக்கு வந்தவரல்லர். கிழக்கிந்தியக் கம்பனியின் வணிகப் பாதை வழியே ஓவியங்கள் அவரிடம் சென்றன. மேற்கிலிருந்து கிழக்கு கற்றது என்று மட்டும் கூறுவது காலனித்துவ வரலாற்றெழுத்தின் பழக்கமாகும். படியெடுத்தல் இருதிசையிலும் நிகழ்ந்தது.

அவ்வாறாயின் நகல் எப்பொழுது இழிவானது? ஓவியம் சந்தைப் பண்டமாகி, ஓவியனின் கையொப்பம் அப்பண்டத்தின் விலையை நிர்ணயிக்கத் தொடங்கியபோதே மூலம், நகல் என்னும் பிரிவு ஒரு சொத்துரிமைப் பிரச்சினையாக உருவெடுத்தது. வால்ட்டர் பென்ஜமின் இயந்திரவழிப் பிரதியாக்கம் பற்றிய தமது புகழ்பெற்ற கட்டுரையில், மாணவரின் பயிற்சிப் பிரதியையும் ஆசானின் பரப்பற் பிரதியையும் இலாபத்துக்காகச் செய்யும் பிரதியையும் தனித்தனியே குறிப்பிடுகின்றார். இம்மூன்றையும் ஒன்றாகக் கருதி இகழ்வது சந்தையின் பார்வையைத் திறனாய்வின் பார்வையாக ஏற்றுக்கொள்வதாகும்.

நிராகரிப்பவர் யார்?

இலங்கையில் 1943இல் உருவான '43 குழு' இலங்கைக் கலைச் சங்கத்தின் கல்விக்கூட யதார்த்தத்தை எதிர்த்து நின்றது. அவ்வெதிர்ப்பின் வரலாற்று முக்கியத்துவத்தை எவரும் மறுக்கமுடியாது. காலனித்துவ மேட்டுக்குடியின் உயிரற்ற இயற்கைக் காட்சிகளுக்கும் உருவப்படங்களுக்கும் எதிராக ஒரு புதிய பார்வையை அக்குழுவினர் முன்வைத்தனர். எனினும், ஜஸ்டின் தெரணியகல லண்டன் ஸ்லேட் கலைக்கல்லூரியிலும் பாரிசிலும் பயின்ற பின்னரே கல்விக்கூட மரபை உதறினார் என்பதையும் சேர்த்தே நாம் நோக்கவேண்டும். கையில் உள்ளதைத்தான் எறியமுடியும். அம்மரபின் நுட்பங்களை ஒருபோதும் பெற்றிராத கரையோரத்து இளைஞன் ஒருவனை நோக்கி 'படியெடுக்காதே, உன் சொந்தப் பார்வையைத் தேடு' என்று கூறுவது, வசதி படைத்த வர்க்கத்தின் அனுபவத்தைப் பொதுவிதியாக்கும் செயலாகும்.

நுட்பம் எவ்வாறு ஒரு சிலரின் ஏகபோகமாக இருந்தது என்பதற்கு ராஜா ரவி வர்மாவின் (1848–1906) கல்வி தக்க சான்றாகும். பதினான்காம் வயதில், 1862இல், திருவனந்தபுரம் அரசவைக்கு அழைத்துவரப்பட்ட அவருக்கு எண்ணெய் வண்ண முறையைக் கற்பிக்க, மதுரையைச் சேர்ந்த அரசவை ஓவியர் ராமசாமி நாயக்கர் மறுத்துவிட்டார் என்றும், அவரது மாணவராயிருந்த ஆறுமுகம் பிள்ளை இரகசியமாக உதவினார் என்றும் அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1868இல் அரசவைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் கற்பிக்க இணங்கவில்லை. தாம் தீட்டுவதைப் பார்த்திருக்க மட்டும் அனுமதித்தார். பார்த்ததைத் தனியே செய்துபார்த்தே ரவி வர்மா வண்ணக் கலவையைத் தம்வசப்படுத்தினார்.

ராமசாமி நாயக்கரின் மறுப்பைத் தனிமனிதப் பொறாமையாக விளக்குவது எளிது. ஆனால் அரசனின் ஆதரவொன்றே வாழ்வாதாரமாக இருந்த அமைப்பிலே நுட்பத்தை வெளியிடுவது வருவாயை இழப்பதற்குச் சமமாக இருந்தது. தொழில் இரகசியம் என்பது உற்பத்தி உறவுகளின் விளைவேயாகும். ஆறுமுகம் பிள்ளை போன்ற உதவியாளரின் பெயர் கலை வரலாற்றின் அடிக்குறிப்புகளில் ஒதுங்கிக் கிடப்பதும் அதே உறவுகளின் விளைவேயாம்.

1873இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப்பதக்கம் பெற்றதும், 1894இல் பம்பாயில் வண்ண அச்சகம் நிறுவியதும் ரவி வர்மாவின் பிற்கால வெற்றிகள். அவ்வச்சகத்தின் படங்கள், ஓவியத்தை ஒருபோதும் விலைக்கு வாங்கியிராத குடும்பங்களின் சுவர்களை அடைந்தன. ஆனந்த குமாரசுவாமி அவரது படைப்புகளில் நாடகத்தன்மையையும் உணர்ச்சியின் மலிவையும் கண்டு கண்டித்தார். அக்கண்டனத்தில் உண்மை உண்டு. ரவி வர்மா ஐரோப்பியக் கல்விக்கூட மரபிலிருந்து வண்ணத்தின் நுட்பத்தை எடுத்தபோது, அந்நுட்பத்தோடு ஒட்டியிருந்த அரங்கப் பாங்கையும், பெண்ணைக் காட்சிப்பொருளாக நிறுத்தும் பார்வையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். ஆகவே, படியெடுத்தல் நல்லதா தீயதா என்பது தவறான வினா. கையின் அறிவை எடுக்கும்போது கண்ணின் கருத்துநிலையை எவ்வாறு சோதிப்பது என்பதே சரியான வினாவாகும்.

ஓர் ஓவியத்தை மீளத் தீட்டுதல்

இதனை ஒரு குறிப்பான ஓவியத்தில் வைத்துச் சோதிக்கலாம். உருவப்படம் கற்போர் பெரிதும் விரும்பி மீளத் தீட்டும் படைப்புகளுள் ஒன்று, டெல்ஃப்ட் நகரத்து வெர்மீர் ஏறத்தாழ 1665இல் தீட்டிய 'முத்துத் தோடணிந்த பெண்'. ஹேக் நகரின் மொரிட்ஷாயிஸ் அரும்பொருளகத்திலுள்ள இது 44.5 சென்றிமீற்றர் உயரமும் 39 சென்றிமீற்றர் அகலமும் கொண்ட சிறிய படமே. 1881இல் ஏலத்தில் இரண்டு கில்டருக்குச் சற்று மேற்பட்ட தொகைக்கே விலைபோயிற்று. இன்று அது விலைமதிப்பற்றது எனப்படுகின்றது. மேதைமை எக்காலத்திலும் தானே ஒளிவீசும் என்போர் இவ்விலைகளைக் கவனிக்கவேண்டும்.

படத்தைப் பார்ப்பவன் ஒரு முகத்தைக் காண்கின்றான். மீளத் தீட்டுபவன் ஒரு வேலை ஒழுங்கைக் காண்கின்றான். முதலிற் கட்டங்கள் வரைந்து அளவுகளை மாற்றிக்கொள்கின்றான். பின்னர் கபிலமும் கருமையுமான அடிவண்ணத்தால் ஒளி எங்கே, நிழல் எங்கே என்று தீர்மானிக்கின்றான். கீழ்ப் படலத்தில் எண்ணெய் குறைந்தும் மேற்படலத்தில் மிகுந்தும் இருக்கவேண்டும். மாறினால் வண்ணம் காய்ந்து வெடிக்கும் என்பதைத் துணிமேல் கண்டறிகின்றான். ஆளிவிதை எண்ணெய் காயும்வரை நாட்கணக்கில் காத்திருக்கப் பழகுகின்றான்.

பின்பு அவன் மூக்கை வரைய முற்படும்போது ஓர் அதிர்ச்சி காத்திருக்கின்றது. மூக்கின் தண்டுக்கும் அப்பாற்பக்கக் கன்னத்துக்கும் இடையில் அவன் கண்டதாக நினைத்த கோடு மூலத்தில் இல்லை. இரண்டும் ஒரே நிறத்தில் ஒன்றாய்க் கலந்துள்ளன. கோட்டைப் பார்வையாளனின் மனமே வரைந்துகொள்கின்றது. முத்தும் அவ்வாறே. அதற்குக் கொக்கி இல்லை, முழுமையான விளிம்பும் இல்லை. மேலே ஒரு வெண்தீற்று, கீழே கழுத்துப்பட்டியின் ஒளியைத் திருப்பும் மெல்லிய படலம், அவ்வளவே. மெய்யான முத்தாயிருப்பதற்கு அது அளவிற் பெரிது என்றும், கண்ணாடியாலானதாகலாம் என்றும் கருதுவோரும் உளர். 'உள்ளதை உள்ளவாறே காட்டுவது யதார்த்தவாதம்' என்று நாம் எளிதாக எழுதிவிடும் வாய்பாட்டை இந்த ஒரு முத்தே கலைத்துவிடுகின்றது. யதார்த்தம் என்பது தெரிவும் விடுப்பும் கொண்ட ஒரு கட்டமைப்பு என்பதைக் கோட்பாட்டு நூல்களிற் படிப்பதற்கும் கையால் அறிவதற்கும் வேறுபாடு உண்டு.

வண்ணங்களின் வரலாறு இன்னொரு பாடம். 2018இல் மேற்கொள்ளப்பட்ட அறிவியல் ஆய்வு, இப்போது வெற்றுக் கருமையாகத் தோன்றும் பின்னணியில் முன்பு பச்சைத் திரையொன்று இருந்ததையும், கண்களுக்கு நுண்ணிய இமைமயிர்கள் தீட்டப்பட்டிருந்ததையும் வெளிப்படுத்தியது. தலைப்பாகையின் நீலம் இன்றைய ஆப்கானிஸ்தானின் மலைகளிலிருந்து பெற்ற கல்லினின்றும், சிவப்பு அமெரிக்கக் கண்டத்துக் கள்ளிப் பூச்சியினின்றும், வெண்மை இங்கிலாந்தின் ஈயத்தினின்றும் வந்தன. ஒரு சிறுபெண்ணின் அமைதியான முகத்துக்குப் பின்னால் பதினேழாம் நூற்றாண்டின் உலக வணிகம் முழுவதும் நிற்கின்றது. எண்ணெய் வண்ண மரபு உடைமையின் கண்ணாடியாக வளர்ந்தது என்று ஜோன் பேர்ஜர் 1972இல் வாதிட்டமை இங்கு நினைக்கத்தக்கது.

அவ்வணிகத்தின் ஒரு முனையிலே நமது கரை இருந்தது. ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையை 1638இல் கைப்பற்றினர். 1658இல் யாழ்ப்பாணமும் மன்னாரும் அவர்கள் வசமாயின. அதற்குமுன், 1626இல், போர்த்துக்கேயரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றியமை வரலாற்றாசிரியர் பலரும் குறிப்பிடுவதாகும். வெர்மீரின் டெல்ஃப்ட், கிழக்கிந்தியக் கம்பனியின் ஆறு கிளைச் சபைகளுள் ஒன்றைக் கொண்டிருந்த நகரம். அவரது பெண் அணிந்திருப்பது கீழைத்தேயத் தலைப்பாகை. ஐரோப்பியன் ஒருவனுக்கு அது கற்பனையைத் தூண்டும் வேற்றுநாட்டு அணி. தலையை மூடுதல் அன்றாட உடையின் பகுதியாயிருக்கும் ஓர் ஊரிலே இதனை மீளத் தீட்டும் மாணவனுக்கோ மாணவிக்கோ அத்துணி வேறொரு பொருளைத் தரும். அந்த வேறுபாட்டை உணரும் கணத்திலேதான் படி, படைப்பாக மாறத் தொடங்குகின்றது.

கரையோரத்தின் நிலைமை

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் ஊர்களில் எண்ணெய் வண்ண உருவப்பட மரபு வேரூன்றவில்லை. இதற்கு மார்க்கக் கட்டுப்பாடே காரணம் என்று உடனே கூறிவிடுவது வழக்கம். உருவம் தீட்டுதல் குறித்து முஸ்லிம் சமூகத்தினுள்ளே கருத்து வேறுபாடுகள் உண்டு என்பதும், அவை உளமார்ந்த நம்பிக்கையிலிருந்து எழுபவை என்பதும் மதிக்கப்படவேண்டியவை. ஆயினும் அதுவே முழு விளக்கமாகாது. அத்தகைய கட்டுப்பாடு இல்லாத பாண்டிருப்பு, காரைதீவு முதலிய அயல் தமிழ்க் கிராமங்களிலும் இம்மரபு வளரவில்லை. மறுபுறம், முஸ்லிம் மன்னர் ஆண்ட டில்லியிலும் இஸ்பகானிலும் இஸ்தான்புல்லிலும் உருவப்படம் செழித்தது. அரசவையும் பெருநிலவுடைமையும் வணிகச் செல்வமும் இருந்த இடங்களில் முகங்கள் தீட்டப்பட்டன. உழவரும் மீனவரும் நெசவாளரும் வாழ்ந்த கரையிலே அவர்களுடைய முகத்துக்குக் கூலி கொடுத்துத் தீட்டுவிக்க எவரும் இருக்கவில்லை. முகம் இல்லாமையின் காரணம் முதன்மையாகப் பொருளியல் சார்ந்தது.

ஆனால் படிவழிக் கற்றலுக்கு இக்கரை அந்நியமானதன்று. மருதமுனையின் கைத்தறியிலே ஒரு கோலத்தைப் பார்த்து இழைகளை எண்ணி மீள நெய்தே இளையவர் தொழிலைக் கற்றனர். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர், மறைந்துபோன யாழ்க் கருவியைச் சிலப்பதிகாரச் சான்றுகளிலிருந்து மீளக் கட்டமைத்த தமது நீண்ட ஆய்வை 1947இல் 'யாழ் நூல்' ஆக வெளியிட்டார். பழையதொன்றை மீள உருவாக்குவதன் மூலம் அதன் உட்கணக்கை அறிதல் என்னும் முறைக்கு இதனைவிட உயர்ந்த சான்று நமக்கு வேண்டியதில்லை. கல்முனையைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான் 1981இல் வெளியிட்ட பலஸ்தீனக் கவிதைகளின் மொழிபெயர்ப்பையும் இவ்வரிசையில் வைத்து நோக்கலாம். வான்கோ 1889–90இல் மில்லேயின் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகளிலிருந்து வண்ணத்தில் மீளத் தீட்டியபோது, அதனை மொழிபெயர்ப்பு என்றே கருதினார். மூலத்துக்கு உண்மையாயிருக்கும் முயற்சியிலேயே மொழிபெயர்ப்பவனின் சொந்தக் குரல் உருவாகின்றது.

இன்றைய தடைகள் வேறுவகையானவை. இறக்குமதியாகும் எண்ணெய் வண்ணங்களின் விலை, 2022இன் பொருளாதார நெருக்கடியின்பின் சாதாரண குடும்பத்தின் எல்லையை விட்டு மேலும் விலகிச் சென்றது. வடபகுதியில் 1938இல் எஸ். ஆர். கனகசபை நிறுவிய வின்சர் கலைக்கழகம் போன்றதொரு பயிற்சி மரபு இக்கரையில் உருவாகவில்லை. மட்டக்களப்புக் கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் அண்மையில் இருந்தாலும், பாடசாலைச் சித்திர வகுப்புக்கும் அதற்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்கப் படிகள் அமைக்கப்படவில்லை. இந்நிலையில் அச்சுப் பிரதி ஒன்றையோ கைப்பேசித் திரையையோ முன்வைத்துத் தனியே வெர்மீரைத் தீட்டிப் பார்க்கும் ஓர் இளைஞனையோ யுவதியையோ 'நகலெடுப்பவர்' என்று ஒதுக்குவது பொறுப்பற்ற செயல்.

ஒளிப்படமும், கட்டளையிட்டதும் வெர்மீர் பாணியில் ஒரு முகத்தை நொடியிற் தரும் கணினியும் இருக்கையில் இவ்வுழைப்பு எதற்கு என்று வினவலாம். கணினி தருவது விளைபொருளை. படியெடுப்பவர் பெறுவது உற்பத்தி முறையின் அறிவை. முதலாவது நுகர்வோரை உருவாக்கும். இரண்டாவது தொழில் தெரிந்தவரை உருவாக்கும்.

இத்தொழில் தெரிந்தவர்கள் இக்கரைக்குத் தேவை. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை இக்கரையோரத்தில் உயிர்களோடு வீட்டுச் சுவர்களையும் பெட்டிகளிலிருந்த ஒளிப்படங்களையும் அள்ளிச் சென்றது. போர்க்காலமும் இரு சமூகங்களிலும் பல முகங்களைப் பறித்தது. எஞ்சிய முதியோரின் முகங்களில் நெசவின், வயலின், கடலின் வரலாறு எழுதப்பட்டுள்ளது. கரைவலை இழுப்பவரின் கழுத்து நரம்பையும், தறியில் இருந்து கூனிய தோளையும், அவற்றை இரக்கப்பொருளாக்காமல் தீட்டவல்ல கை எங்கிருந்து வரும்? முன்னோர் தேடிவைத்த நுட்பத்தைத் தன்வசமாக்காத கையிலிருந்து அது வரப்போவதில்லை.

ஆகவே திறனாய்வாளராகிய நமக்கு ஒரு கடமை உண்டு. படியெடுத்த ஓவியமொன்றின் முன் நிற்கும்போது அது மூலத்தை எவ்வளவு ஒத்துள்ளது என்று மட்டும் கேட்பது கைவினைக் கண்காட்சியின் அளவுகோல். தீட்டியவர் எங்கே இடறினார், அவ்விடறலிலிருந்து மூலத்தின் எந்த இரகசியத்தை அறிந்தார், மூலத்தின் பார்வையில் எதை ஏற்று எதைக் கேள்விக்குள்ளாக்கினார், அடுத்து யாருடைய முகத்தைத் தீட்ட எண்ணுகின்றார் என்பனவே நாம் கேட்கவேண்டியவை. இவற்றுள் இறுதி வினாவுக்கான விடையை டெல்ஃப்ட் நகரத்திலே தேடமுடியாது. அது மருதமுனைத் தறிக்குழியின் அருகிலே, நிந்தவூர் வயல் வரம்பிலே, சாய்ந்தமருதுக் கடற்கரையிலே தீட்டப்படுவதற்குக் காத்திருக்கின்றது.